ஓமத்துக்கு மேலே ஒரு கூரை

குட்மேய்ஸ், லண்டன்
டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

லோஜினி எழுதுவது. நான், இவர், டெனுசன் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா, எண்ணெய் பூசுகிறீர்களா என்பதை மறைக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் எல்லாம் நல்ல சுகம் என்று ஒரே பாட்டுத்தான் பாடுவீர்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் எப்போது கோல் எடுத்தாலும் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். மச்சாள், பக்கத்து வீட்டு றோஸ்மலர், மீன் கொண்டு வந்தவர் என்று மானிப்பாயில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள். அதனால் பேப்பரில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். பெரிதாக்கிப் படியுங்கள். படித்ததும் அழித்துவிடுங்கள்.

உங்களுக்கு விசா கிடைத்த செய்தி வந்த அன்று டெனுசன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். குழாயைத் திறந்து விட்டிருந்தான், நாங்கள் கேட்கக்கூடாதென்று. பதினைந்து வயதில் உங்களை விட்டுத் தனியாக வந்து இந்த வீட்டில் ஏறிய பிள்ளை, இப்போது முப்பதைத் தொடுகிறான். இரண்டு தரம் உங்களுக்கு விசா மறுத்தபோது ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனவன். மூன்றாம் தரம் தந்தவுடன்தான் அழுகிறான். நானும் சமையலறையில் நின்று அழுதேன். இவர் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓட்டோவில் டவுனுக்குப் போகிற மாதிரி வர வேண்டாம், நல்ல ஜக்கெட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வரச்சொல்லும் என்றார். அதைக் கேளுங்கள். ஹீத்ரோவில் வெளியே வரும் வாசலிலேயே குளிர் ஆளைப் பிடிக்கும்.

இனிக் கலியாண ஹோல் விஷயம். இங்கே பார்க்கிங் என்ற ஊரில் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கத்தில், முன்பு கம்பளம் விற்ற பெரிய கொட்டகை அது. செல்வரத்தினம் அண்ணை வாங்கிக் கலியாண மண்டபம் ஆக்கியிருக்கிறார். வடிவான மண்டபம். ஆனால் கூரை வெறும் தகரம். போன தையில் அங்கே ஒரு கலியாணத்துக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலைக்கு மேலே தடித்த ஜக்கெட். ஐந்நூறு பேரின் மூச்சும் சோற்று ஆவியும் மேலே போய், பனி பிடித்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்தது. ஒரு சொட்டு மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்து பொட்டைக் கரைத்தது. நல்ல சகுனம் என்று யாரோ சமாளித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொழில் புத்தியும் வேலை செய்தது. மேலே பார்த்தபடியே சாப்பிட்டேன்.

உங்கள் தங்கை செய்கிற வேலை என்னவென்று நீங்கள் ஊரில் இன்னும் சரியாகச் சொல்வதில்லை. கட்டட வேலை என்கிறீர்களாம். கடை, கிட்டங்கி, அலுவலகம் போன்ற கட்டடங்களுக்குள் சூடு நிற்கும்படி கூரைக்கும் சுவருக்கும் உள்ளே போர்வை மாதிரி ஒரு படை போடுவது எங்கள் கம்பனி. நான் அதில் மேற்பார்வை. எந்த இடத்தால் சூடு வெளியே ஓடுகிறது என்று காட்டும் கமெரா என் கையில் இருக்கும். வேலை முடிந்தால் சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் கட்டடம் திறக்கும்.

அந்த ஹோலின் வேலை எங்களிடம்தான் வந்தது. மார்கழி பிறந்த அடுத்த நாளே தொடங்கினோம். எங்கள் ஆட்களின் மண்டபங்களுக்கு எல்லாம் திருத்த வேலை மார்கழியில்தான். கலியாணம் இல்லாத மாதம், ஹோல் சும்மா கிடக்கும். எங்கள் முதலாளி ஸ்டீவனுக்கு இது விளங்கவே இல்லை. கிறிஸ்மஸ் காலத்தில் எல்லாரும் லீவு கேட்கும்போது இந்தச் சனம் மட்டும் ஏன் வேலை தருகிறது என்று கேட்டார். தை பிறந்தால் அடுத்தடுத்துக் கலியாணம், தை மாதம்தான் இங்கே மிகக் குளிர் என்று சொன்னேன். குளிர்காலத்தை ஒதுக்கிவிட்டுக் கோடையில் கலியாணத்தை வைக்கலாமே என்றார். பஞ்சாங்கம் எழுதியவர் பார்க்கிங்கைப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தகரத்தின் உட்பக்கம் முழுக்க ஒரு நுரையைக் குழாயால் அடித்தோம். அடிக்கும்போது மெல்லிய படைதான், ஒரு நிமிடத்துக்குள் புளித்த தோசை மா போலப் பொங்கி இறுகிவிடும். நேற்று வெளியே நிலமெல்லாம் உறைபனி. உள்ளே போனேன், கூரையில் ஒரு சொட்டுக் கிடையாது. சின்ன ஹீட்டர் ஒன்றுக்கே கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த நுரைக்குக் கீழே தீ தாங்கும் பலகை அடிக்க வேண்டும், அது ஒன்றுதான் மிச்சம். பலகை செய்யும் தொழிற்சாலை கிறிஸ்மஸுக்குப் பூட்டிக் கிடக்கிறது. அதுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதும்போதே எழும்பி எழும்பி ஈமெயில் பார்க்கிறேன். இந்த ஹோலில் தை மாதத்து முதல் கலியாணம் எங்கள் டெனுசனுடையது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

மணவறை விஷயமாக நீங்கள் சொன்னதை இவரிடமும் சொல்லிவிட்டேன். உன் அத்தான் செத்தபின் நான் மேடையில் நிற்கக்கூடாது, பின்னால் இருந்து பார்க்கிறேன், தாய் தகப்பன் இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் நில்லுங்கோ என்று நீங்கள் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை அக்கா. மறுத்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. எத்தனை கலியாணத்தில் ஆரத்தி எடுக்க ஆள் கூப்பிடும்போது என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவள் ஒரு பிள்ளைக்குத் தாயாக மேடை ஏறப்போகிறேன் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உங்களிடம் அதை மறைக்க ஏலாது.

ஊரில் மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் மருந்துச் சீட்டின் படத்தையும் அனுப்புங்கள், பயணத்துக்கு வேண்டும்.

உங்கள் நினைவோடு,
லோஜினி


குட்மேய்ஸ்
ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்கு நீங்கள் பெயர் சொன்ன ஆட்கள் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. உங்கள் மருமகளாக வரப்போகும் ஜதுர்ஷிகா நேற்று வந்து உங்களுக்கு அறை ஒழுங்கு செய்து தந்தாள். நல்ல பிள்ளை. தமிழ் கொஞ்சம் தடக்கும், ஆனால் மாமிக்குக் கட்டில் பதிவாக, உயரமில்லாமல் இருக்க வேண்டும், முழங்கால் நோ என்று அவளே சொல்லி மெத்தையை மாற்றினாள்.

இனி எழுதுவதை நீங்கள் தனியாக இருந்து படியுங்கள்.

பலகை பெப்ரவரிக்கு முன் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டீவன் ஒரு வழி சொன்னார். நுரைக்கு மேலே தீயை மந்தப்படுத்தும் பூச்சு ஒன்று அடித்திருக்கிறோம். கட்டடத்துக்குள் திறந்த நெருப்பு எதுவும் இல்லையென்றால், பலகை வரும்வரை அது போதும், ஹோலைத் திறக்கலாம். ஆகவே செல்வரத்தினம் அண்ணையை நேரில் வைத்துக் கேட்டார், உள்ளே எங்கேயாவது நெருப்பு எரியுமா என்று. அண்ணை இல்லவே இல்லை என்றார். சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது, சமையலறையில் இருப்பதும் மின்சார அடுப்பு என்றார். ஸ்டீவன் என் பக்கம் திரும்பி, உன் ஆட்கள், உனக்குத் தெரியும், நீ பார்த்துத் திருப்தி என்றால் கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் அண்ணையிடம் கேட்டேன், ஓமம் வளர்ப்பீர்கள்தானே என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தங்கச்சி, அவர் நெருப்பெண்டுதானே கேட்டவர். ஓமத்தை ஆரும் நெருப்பெண்டு சொல்லுவினமோ" என்றார். அக்கா, அந்த மனிசன் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் மனதில் நெருப்பு என்றால் அடுப்பு, சிகரெட், வயர் பற்றுவது. ஓமம் சாமி காரியம். ஸ்டீவனுக்கோ ஐந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தின் நடுவில், நிலத்தில் விறகு அடுக்கி நெய் ஊற்றி எரிப்பார்கள் என்று கனவிலும் வராது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஐயர் சின்னனாகத்தான் போடுவார், அலுமினியத் தட்டில் நாலு குச்சி என்று அண்ணை சொல்கிறார். எங்கள் கலியாண வீட்டில் எது சின்னனாக நடந்திருக்கிறது. ஒருவர் நெய்யை ஊற்றுவார், பக்கத்தில் நிற்பவர் இன்னும் கொஞ்சம் என்பார், வீடியோக்காரர் சுவாலை தெரியவில்லை என்பார். மேலே மணவறையின் துணியும் பூவும் கூரையைத் தொடும் உயரத்துக்கு நிற்கும். அந்தத் துணியில் ஒரு பொறி ஏறினால் பூச்சு கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதன்பின் நுரை பற்றினால் கறுப்புப் புகை கீழே இறங்கும். நாங்கள் பயிற்சியில் வீடியோ பார்த்திருக்கிறோம். சனம் எழும்பிச் செருப்புத் தேடி முடிக்க முன் கண் தெரியாது. அங்கே இருப்பது மூன்று கதவு. அதில் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் மணவறை நிற்கிறது.

இவரிடம் சொன்னேன். "இஞ்சை பாரும், போன வருசம் முழுக்க அந்த ஹோலிலை ஓமம் வளத்தவை, ஒண்டும் நடக்கேல்லையே" என்றார். போன வருடம் மேலே இருந்தது வெறும் தகரம். இப்போது இருப்பது நாங்கள் ஒட்டிய நுரை. குளிருக்கு இதம் தருவதுதான், நெருப்பு என்று வந்தால் வேறு சாமான். இதைச் சொன்னதும் இவர் எழும்பிப் போய் உளுந்தை ஊறப்போட்டார். பிறகு வந்து, கலியாணம் குழம்பினால் உம்முடைய தவமலர் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பீர் என்று கேட்டார்.

அதுதான் அக்கா கேள்வி. ஜதுர்ஷிகாவின் தகப்பன் குலசேகரம் ஐயாவை உங்களுக்குத் தெரியும். பொருத்தம் பார்த்தபோது ஒரு தோஷத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் இழுத்தவர். நாள் குறித்தபின் ஒரு தடங்கல் வந்தால் அது மாப்பிள்ளை பகுதியால் வந்த தடங்கல் என்று எழுந்து போய்விடுவார். அப்படி ஒரு வசனம் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஹோல் இல்லை. ஹோல் இல்லையென்றால் என் பிள்ளையின் கலியாணம் ஆட்டம் காணும். உங்கள் பிள்ளை என்று எழுத வந்தேன், கை இப்படி எழுதிவிட்டது.

போட்டால் ஒருவருக்கும் தெரியாது. அனேகமாக ஒன்றும் நடக்காது. நான் மேடையில் நிற்பேன். ஒரு மணித்தியாலத்தில் ஓமம் அணைந்துவிடும். எல்லாரும் சாப்பிடப் போவார்கள். இப்படி எத்தனை தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லியும் பேனாவை எடுக்கவில்லை. நாலு நாளாகப் பேப்பர் கைப்பையில் கிடக்கிறது. பஸ்ஸில் பையை மடியில் வைத்தால் சுடுகிற மாதிரி இருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போய், வாங்கிய பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீங்கள் போடு என்று சொன்னால் நான் போட்டுவிடுவேன். அதனால் சொல்லாதீர்கள். எனக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் மட்டும் உடைத்துவிடுங்கள்.

தங்கை,
லோஜினி


குட்மேய்ஸ்
ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தேங்காய் உடைத்தது பற்றி எழுதியிருந்தீர்கள், வேறு ஒன்றும் எழுதவில்லை. சொன்னபடி இருந்ததற்கு நன்றி. நீங்கள் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். கருவாடு வேண்டாம், விமான நிலையத்தில் பிடித்தால் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

பொங்கல் அன்று வேலைக்கு அரை நாள் லீவு எடுத்து ஹோலுக்குப் போனேன். மணவறை அலங்காரம் செய்பவர்கள் அளவு பார்க்க வந்து, துணி கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓமகுண்டம் வைக்கும் இடத்தில் ஒரு மணைக்கட்டை கிடந்தது. நான் அதில் குந்தியிருந்து மேலே பார்த்தேன். வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாக ஏறி எங்கள் நுரையில் போய் முட்டுகிறது. அந்த இடத்தில் நானும் இவரும் நிற்போம், டெனுசனும் ஜதுர்ஷிகாவும் இருப்பார்கள், முதல் வரிசையில் நீங்கள் இருப்பீர்கள். அங்கே இருந்தபடியே ஸ்டீவனுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

உள்ளேயா என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். நிலத்திலா என்றார். ஓம். வேண்டுமென்றேவா என்றார். அதற்கும் ஓம் என்றேன். கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். பலகை அடித்து முடியும்வரை ஒரு கூட்டமும் கிடையாது, நெருப்பு இல்லாத கூட்டம் கூடக் கிடையாது, இனி அந்த மனிதரின் சொல்லை நம்ப ஏலாது என்றார். அது செல்வரத்தினம் அண்ணைக்கு அநியாயம். அவர் ஏமாற்றவில்லை என்று எவ்வளவோ விளங்கப்படுத்தினேன், எடுபடவில்லை. எங்களுடையதோடு சேர்த்து மூன்று கலியாணம் அந்தரத்தில் நிற்கிறது.

அண்ணை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹோலைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்துவிட்டு, "எங்கடை ஆள் ஒண்டு உள்ளுக்கை இருக்கெண்டு சந்தோசப்பட்டனான் தங்கச்சி" என்றார். இப்போது ஈஸ்ட் ஹாமில் நான் கடைக்குள் போனால் கதை நிற்கிறது. அந்த ஹோலைப் பூட்டின ஆள் இவதான் என்று ஒரு பெண் மற்றவளுக்குக் கண்ணால் காட்டினாள். நான் மரக்கறியைத் தெரிவு செய்வதுபோல நின்று கத்தரிக்காயை நசுக்கினேன். கடைக்காரர் அதற்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

குலசேகரம் ஐயா நேற்று வந்தார். வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. தன் மகளுக்கு இப்படி ஒரு தடங்கல் வர வேண்டுமா, ஐந்நூறு பேருக்குக் கார்டு கொடுத்த தன் முகத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். கேட்பது நியாயம்தான், நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஜதுர்ஷிகா தகப்பனிடம் முதலே சண்டை பிடித்துவிட்டாள் போல, கலியாணத்தை நிறுத்துகிற கதை அவர் வாயில் வரவில்லை. அதே நாள், அதே முகூர்த்தம், ஈஸ்ட் ஹாமில் ஒரு கோயிலில் இடம் பிடித்திருக்கிறார். அங்கே ஓமத்துக்கென்றே கட்டிய இடம் இருக்கிறது, புகை போக வழி இருக்கிறது. நான் இன்று காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நூறு பேருக்கு மேல் கொள்ளாது. மிச்சச் சனத்துக்குப் பிறகு ஒரு நாள் சாப்பாடு.

பிறகு அவர் ஒன்று சொன்னார். மண்டபத்தைப் பூட்டின கை மணவறையில் நிற்க வேண்டாம் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இவரைப் பார்த்துச் சொன்னார். டெனுசன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் அவன் கையைப் பிடித்து இருத்தினேன். சரி ஐயா, நாங்கள் நிற்கவில்லை என்றேன்.

அப்படியென்றால் மாப்பிள்ளை பகுதிக்கு யார் என்று அவரே கேட்டார். தன் தமையனையும் மச்சாளையும் நிற்க விடலாம் என்றார். அக்கா, அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தாய் இருக்கிறா, பிளேன் ஏறி வாறா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவ நிப்பாவோ" என்றார். நிப்பா என்றேன். உங்களைக் கேட்காமல் உங்கள் சார்பில் சொல்லிவிட்டேன். போகும்போது அந்த ஆறிய தேத்தண்ணீரை எடுத்து நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

ஐயருக்கும் கோல் எடுத்துக் கேட்டேன். புருசன் இல்லாத தாய் நிற்கக்கூடாதென்று தான் எங்கேயும் படிக்கவில்லை, சனம்தான் சொல்லுது, பிள்ளையை ஆசீர்வதிக்கத் தாயைவிட ஆர் இருக்கினம் என்றார். ஆகவே அந்தச் சாட்டும் உங்களுக்கு இல்லை.

நீங்கள் மாட்டேன் என்பீர்கள். சபை என்ன சொல்லும் என்பீர்கள். என் இடத்தைப் பறித்ததாக நினைத்து எனக்காக அழுவீர்கள். அழுவதானால் வீட்டில் அழுவோம், இரண்டு பேரும் கதவைப் பூட்டிவிட்டு. கோயிலில் வேண்டாம். பதினைந்து வருடம் அவனுக்குச் சாப்பாடு போட்டது நான், காய்ச்சலுக்கு முழித்திருந்தது நான், பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கியதும் நான். இவ்வளவும் எனக்குக் கிடைத்தது. உங்களுக்குப் போனில் ஒரு முகம்தான் கிடைத்தது. இந்த ஒரு மணித்தியாலத்தையாவது முன்னால் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்தால் நானே வந்து கையைப் பிடித்து இழுப்பேன், சபை அதையும் பார்க்கட்டும்.

நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று நினைக்கவே மாட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. ஒரு நாளில் எத்தனையோ தரம் நினைக்கிறேன். நினைத்தாலும் அந்த மணைக்கட்டையில் இருந்து மேலே பார்த்தது கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அதனால் ஓடி ஓடி ஏதாவது வேலை செய்கிறேன். உங்கள் கட்டிலுக்கு மூன்றாவது போர்வையும் விரித்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். தாலி கட்டி முடிந்து அவன் உங்கள் காலில் விழுந்து எழும்பும்போது, அவன் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடும். எனக்கு அவனைத் தெரியும். தேட விடாதீர்கள் அக்கா. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் திருப்பி, நெற்றியில் திருநீறு பூசிவிடுங்கள். நன்றாக அழுத்திப் பூசுங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

பத்திரமாக வந்து சேருங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் நீண்ட காலம் நல்லபடி வாழ வேண்டும், நீங்கள் அதைக் கண்ணால் காண வேண்டும்.

உங்கள் தங்கை,
லோஜினி